ஆதிச்சநல்லூர் இரும்பும் சாகுபுரத்துக் குளோரினும்

ஒரு வினை தன்னிச்சையாக நடக்கக்கூடியது என்று வெப்ப இயக்கவியல் கூறிய பிறகும் அது ஏன் நடக்காமலே கிடக்கிறது? மின்வேதியியல் பயிலும் மாணவர்கள் ஆண்டுதோறும் எழுப்பும் கேள்வி இது. திட்ட மின்முனை மின்னழுத்த அட்டவணையை உருப்போட்டவர்களுக்கு, எந்த வினை முந்தும், எது பிந்தும் என்பதையெல்லாம் அந்த எண்களே தீர்மானித்துவிடும் என்ற நம்பிக்கை ஊறிப்போகிறது. அட்டவணை சொல்வது திசையை மட்டுமே. வேகத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. இதற்குச் சான்று தேடி நாம் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. தாமிரபரணியின் கீழ்ப்பகுதியில் ஓர் இரும்புக்கால இடுகாடும் ஒரு காஸ்டிக் சோடா ஆலையும் இருக்கின்றன.

ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான யாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தபோது தாழிகளிலிருந்து பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலக் கலங்கள், இரும்பு வாள்கள், வேல்முனைகள் எனப் பலவும் வெளிவந்தன. ஒரே மண்ணில், ஏறத்தாழ ஒரே காலம் புதைந்திருந்தும் மூன்று உலோகங்களும் மூன்று விதமாக மூப்படைந்திருந்தன. பொன் பொன்னாகவே இருந்தது. அதில் வியப்பில்லை: நடுநிலை ஈரத்தில் காற்றின் ஆக்சிஜன் தரக்கூடிய மின்னழுத்தம் ஏறத்தாழ +0.82 வோல்ட், பொன்னுக்குரியது +1.50 வோல்ட். உப்பு கலந்த நீரிலும் பொன்னுக்குரிய திட்ட எண் 1.00 வோல்ட். ஆக, பொன் அரிபடாமல் இருப்பதை அட்டவணையே விளக்கிவிடுகிறது. வெண்கலத்திலுள்ள செம்புக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதன் எண் +0.34, ஆக்சிஜன் அதை வெல்லும். வெள்ளீயத்தின் எண்ணோ −0.14, செம்பைவிட எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைய வேண்டியது. அப்படியானால் வெள்ளீயம் மிகுந்த வெண்கலம் விரைவில் அழிந்திருக்க வேண்டும். ஆதிச்சநல்லூர்க் கலங்களில் சில உயர்வெள்ளீய வகையைச் சேர்ந்தவை. ஆனால் அவை இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் உருக்குலையாமல் கிடைத்தன. அரிமானம் நடக்கவில்லை என்பதல்ல. முதலில் நடந்த அரிமானம் விட்டுச்சென்ற வெள்ளீய ஆக்சைடு கரையாத படலமாகப் படிந்து, அடுத்து நடக்கவிருந்ததைத் தடுத்துவிட்டது. இரும்பின் துருவுக்கு இந்தத் திறமை கிடையாது. அது துளைகள் நிறைந்தது. தான் பிறந்த உலோகத்தைவிடப் பருமனில் பெரியது. எனவே வெடித்து உதிர்ந்து, புதிய பரப்பை ஈரத்துக்குத் திறந்துவிடுகிறது. அலுமினியம் அட்டவணையில் இரும்பைவிட வெகு கீழே, −1.66இல் இருந்தும் நம் சமையலறைகளில் நிலைத்திருப்பது வெண்கலத்தைக் காத்ததைப் போன்ற ஆக்சைடு படலத்தால்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அந்த எண்களெல்லாம் திட்ட நிலைக்கு உரியவை. தாழிக்குள் இருந்த செறிவும் அமிலத்தன்மையும் வேறு. அவற்றைக் கணக்கில் கொண்டால் வெப்ப இயக்கவியலே முழு விளக்கத்தையும் தந்துவிடாதா? கணக்கிட்டே பார்க்கலாம். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி செறிவு பத்தில் ஒரு பங்காகக் குறையும்போது இரும்பின் மின்னழுத்தம் 0.03 வோல்ட்தான் நகர்கிறது. கரைசலில் இரும்பயனி லிட்டருக்கு ஒரு மோலின் மில்லியனில் ஒரு பங்கு அளவே இருந்தாலும் அது −0.62 வோல்ட்டுக்கு இறங்குமே தவிர ஏறாது. ஆக்சிஜனே இல்லாத நடுநிலை நீரில்கூட ஹைட்ரஜன் வெளியேறும் வினைக்கு −0.41 வோல்ட் இருக்கிறது. அதுவே இரும்பைக் கரைக்கப் போதும். ஆக, நீர் பட்ட எந்தத் தாழியிலும் இரும்புக்கு வெப்ப இயக்கவியல் பாதுகாப்புத் தரவில்லை. சில வாள்களாவது வாள் என்று அடையாளம் காணும் நிலையில் மிஞ்சியதற்குக் காரணம், அந்த வினை நிதானமாக நடந்ததுதான்.

ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே, ஆறுமுகனேரியை ஒட்டிய சாகுபுரத்தில் இதே கேள்வி தலைகீழாக வருகிறது. அங்குள்ள டி.சி.டபிள்யூ. ஆலையில் உப்புக் கரைசலை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறார்கள். நேர்மின்முனையில் போட்டியிடுபவை இரண்டு: குளோரைடிலிருந்து குளோரின் (1.36 வோல்ட்), நீரிலிருந்து ஆக்சிஜன் (1.23 வோல்ட்). சிறிய எண்ணே முந்த வேண்டும். இவ்வகை மின்னாற்பகுப்புக் கலங்களில் கரைசல் சற்று அமிலமாக வைக்கப்படுவதால், அமிலத்தன்மை எண் (pH) 3 என்று கொண்டால், ஆக்சிஜனின் எண் 1.05 ஆகிவிடுகிறது, உப்பின் செறிவு குளோரினை 1.32 வரைதான் இறக்கும். கால் வோல்ட்டுக்கும் மேற்பட்ட அனுகூலம் ஆக்சிஜன் பக்கம். ஆனாலும் வெளிவருவது குளோரின். ஆக்சிஜன் அதில் சிறு கலப்பாகவே இருக்கும். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலக்ட்ரான்கள் கைமாற வேண்டும், நீரின் பிணைப்புகள் முறிய வேண்டும், இடைநிலைகள் பல கடக்க வேண்டும். குளோரினுக்கு இரண்டே எலக்ட்ரான்கள். தாமதத்தை ஈடுகட்ட ஆக்சிஜன் கேட்கும் மிகை மின்னழுத்தம், தன் அனுகூலத்தைக் காட்டிலும் பெரிது. ஒரு பெருந்தொழிலே இந்தத் தாமதத்தின் மேல்தான் நிற்கிறது. பாடநூல்கள் இதை ஒரு வரியில் முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்படியென்றால் வெப்ப இயக்கவியலைப் படிப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. விடை ஆலையின் மின்கட்டணத்தில் இருக்கிறது. உப்பையும் நீரையும் காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன் ஆக்கக் குறைந்தபட்சம் ஏறத்தாழ 2.2 வோல்ட் தேவை. அதை மின்னாற்றலாக மாற்றினால் ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு 1,470 யூனிட் அளவில் வரும். இன்றைய சவ்வுக் கலங்கள் 3 வோல்ட் அளவில் இயங்குவதால் செலவு 2,000 யூனிட்டைத் தாண்டுகிறது. ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம் மின்முனை, மேம்பட்ட சவ்வு என்று எதைக் கொண்டுவந்தாலும் சுருங்குவது 2.2க்கும் 3க்கும் இடையிலான அந்த இடைவெளிதான். எந்த வினைவேக மாற்றியும் இந்த வினையை 2.2 வோல்ட்டுக்குக் கீழே நடத்தாது. எது முடியாது என்று அறுதியிட்டுச் சொல்லும் உரிமை வெப்ப இயக்கவியலுக்கு மட்டுமே உண்டு; முடியக்கூடியவற்றுள் எது எப்போது நடக்கும் என்பது வேகவியலின் பொறுப்பு.

இந்தப் பகுப்பு ஆதிச்சநல்லூருக்கு இன்றும் பயன்படுவது. அகழாய்வுக் குழிகளை அவை இருந்த இடத்திலேயே கண்ணாடித் தளத்தின் வழியே பார்க்கும் அருங்காட்சியகம் 2023இல் திறக்கப்பட்டது. மண்ணுக்குள் நிதானமாக அரிபட்டுக்கொண்டிருந்த இரும்பு வெளிக்காற்றைச் சந்திக்கும்போது, துருவின் துளைகளில் தங்கிய குளோரைடு அதன் அரிமானத்தை மீண்டும் முடுக்கிவிடக்கூடும். வெண்கலத்திலும் குளோரைடு பச்சைப்பொடியாக வெடிக்கும் நோயை உண்டாக்கும். இரும்பு துருவாகும் திசையை எந்தப் பாதுகாவலரும் மாற்ற இயலாது. அவரால் ஆகக்கூடியது பொருளைக் காரக் கரைசலில் ஊறவைத்துக் குளோரைடைக் கழுவி எடுப்பதும், பேழைக்குள் ஈரப்பதத்தைத் தாழ்த்தி வைப்பதும்தான். பொன் பட்டத்துக்கு இவை தேவையில்லை. இரும்பு வாளுக்கு இரண்டும் வேண்டும், அதுவும் ஆண்டு முழுவதும்.