கேளிக்கைப் பூங்காக் கட்டணம்

ராட்டினங்களும் நீர்விளையாட்டுகளும் ஒரே வளாகத்தில் அமைந்த பூங்காக்கள் பார்வையாளரிடம் வாங்கும் தொகை கேளிக்கைப் பூங்காக் கட்டணம் ஆகும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிச்சீட்டு வாங்குவது ஒரு முறை. வாசலிலேயே மொத்தமாகச் செலுத்திவிட்டு நாள் முழுதும் விளையாடுவது இன்னொரு முறை. கொடுத்த காசுக்கு நிறைவு கிடைத்ததா என்பதைச் சீட்டு விலை மட்டும் தீர்மானிப்பதில்லை. பயணம், சாப்பாடு, வரிசையில் கழியும் நேரம் ஆகியவையும் அந்தக் கணக்கில் சேரும். பெரிய பூங்காக்களுக்குத் தொலைவில் உள்ள, தேனி மாவட்டத்தின் ராயப்பன்பட்டி போன்ற கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் இது தெளிவாகத் தெரிகிறது.

வரலாறு

1955 ஜூலையில் கலிஃபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாண்டில் நுழைவுக்கு ஒரு கட்டணம், விளையாட்டுகளுக்குத் தனிக் கட்டணம் என்றிருந்தது. அதே ஆண்டில் சீட்டுப் புத்தகம் வந்தது. விளையாட்டுகள் தரம் பிரிக்கப்பட்டு, உயர்ந்தவற்றுக்கு விலை கூடிய சீட்டு தேவைப்பட்டது. 1961இல் டெக்சாஸில் தொடங்கிய சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்கா ஒரே கட்டண முறையைப் பரவலாக்கியது. டிஸ்னிலாண்டும் 1982இல் சீட்டுப் புத்தகத்தைக் கைவிட்டது. நுழைவுக்கு எவ்வளவு, ராட்டினத்துக்கு எவ்வளவு வாங்கினால் லாபம் என்ற கேள்வியைப் பொருளியலாளர் வால்டர் ஓய் 1971இல் டிஸ்னிலாண்டையே எடுத்துக்காட்டாக வைத்து ஆராய்ந்தார். இரட்டைக் கட்டணம் பற்றிய பாடங்களில் அந்தக் கட்டுரை இன்றும் இடம்பெறுகிறது.

தமிழ்நாட்டில்

சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் வி.ஜி.பி., எம்.ஜி.எம்., தாம்பரம் அருகே திரைப்படத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன் 1995இல் தொடங்கிய கிஷ்கிந்தா, மேட்டுப்பாளையத்தின் பிளாக் தண்டர், மதுரை பரவையின் அதிசயம் ஆகியவை தமிழ்நாட்டில் பெயர்பெற்றவை. 2000இல் கொச்சியில் வீகாலாண்டாகத் தொடங்கி, பின்னர் வொண்டர்லா ஆன பூங்காவின் நிறுவனம் 2025 டிசம்பரில் சென்னையை அடுத்த திருப்போரூர்ப் பகுதியிலும் ஒரு பூங்காவைத் திறந்தது. வார நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் வெவ்வேறு விலை, குழுவுக்கும் மாணவருக்கும் சலுகை, கூடுதல் பணம் கட்டினால் நீண்ட வரிசையைத் தவிர்க்கும் சீட்டு ஆகியவை இப்போது வழக்கமாகிவிட்டன.

வரி

2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது கேளிக்கைப் பூங்கா நுழைவுக்கு 28 விழுக்காடு விதிக்கப்பட்டது. 2018 ஜனவரியில் அது 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் 1,000 ரூபாய் உள்ள சீட்டுக்கு 1,280 ரூபாய் கொடுக்கவேண்டிய நிலை மாறி 1,180 ரூபாய் ஆனது; நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 400 ரூபாய் மிச்சம். தமிழ்நாட்டின் உள்ளாட்சிக் கேளிக்கை வரி சென்னை வொண்டர்லா திட்டம் பல ஆண்டுகள் தள்ளிப்போகக் காரணமானது. வரிவிலக்குக்குப் பிறகே வேலை வேகம் பிடித்தது.

கம்பம் பள்ளத்தாக்கில்

திராட்சை, வாழை, தென்னை விளையும் ராயப்பன்பட்டியிலிருந்து பரவைக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கொச்சிக்குக் குமுளி மலைப்பாதை ஏறிப் போகவேண்டும். வேன் வாடகையோடு ஒரு நாள் வேலையும் கூலியும் போகும். வெளிச்சாப்பாட்டை அனுமதிக்காத பூங்காவில் கட்டுச்சோறு கொண்டுபோகவும் வழியில்லை; உள்ளே விற்கும் விலைக்கே வாங்கவேண்டும். துணி, பொருள் வைக்கும் லாக்கருக்கும் தனிக்காசு.

இவ்வூர் மக்களுக்கு விலையை ஒப்பிட்டுப் பார்க்கத் தங்கள் மாவட்டத்திலேயே அளவுகோல் உண்டு. சித்திரையில் எட்டு நாள் நடக்கும் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில் இரவெல்லாம் ராட்டினம் சுற்றும். விரும்பியதற்கு மட்டும் சீட்டு வாங்கலாம். கைக்காசு தீர்ந்தால் வேடிக்கை பார்க்கலாம். பாட்டி ராட்டினம் ஏறாவிட்டால் அவருக்குச் செலவில்லை. ராட்டினம் போடும் உரிமை ஏலம் விடப்படுவதால், ஏலத்தொகை ஏறினால் அது கடைசியில் சீட்டு விலையில் வந்து நிற்கும். சுருளி அருவி, வைகை அணைப் பூங்கா போன்ற இடங்களுக்கு ஆகும் சிறு செலவும் இவர்கள் மனக்கணக்கில் இருக்கிறது.

மதிப்புணர்வு

பொருளியலுக்கான நோபல் பரிசை 2017இல் பெற்ற ரிச்சர்ட் தேலர், பொருள் தரும் பயனையும், நியாயமான விலைக்கு வாங்கினோம் என்ற மனநிறைவையும் 1985இல் பிரித்துக் காட்டினார். மொத்தக் கட்டணப் பூங்காவில் இந்த இரண்டாவது உணர்வு எளிதில் அடிபடும். பத்து விளையாட்டு ஆடிய இளைஞனும், பேரப்பிள்ளைகளின் பையைக் காத்து நிழலில் உட்கார்ந்திருந்த தாத்தாவும் ஏறக்குறைய ஒரே தொகை கட்டியிருப்பார்கள். கூட்ட நாளில் வரிசையிலேயே பொழுது போனால், ஏறிய ஒவ்வொரு ராட்டினத்தின் விலையும் மனத்தில் ஏறிக்கொண்டே போகும். வரிசையைத் தவிர்க்கும் சீட்டு வாங்கியவர் முன்னால் போகும்போது, சாதாரணச் சீட்டு வாங்கியவருக்குத் தன் காசின் மதிப்புக் குறைந்ததாகவே தோன்றும்.

ஆகவே விலைக் குறைப்பு மட்டும் போதாது. விளையாடாத முதியவருக்குக் குறைந்த கட்டணம், பராமரிப்புக்காக நிறுத்திய விளையாட்டுகளின் பட்டியலைச் சீட்டு விற்கும் முன்பே அறிவித்தல், வரியும் லாக்கரும் உணவும் சேர்ந்த ஒரு நாள் செலவை வெளிப்படையாகச் சொல்லுதல் ஆகியவை தேவை. இவை முன்கூட்டியே தெரிந்தால், ஆண்டுக்கொருமுறை பணம் சேர்த்துவைத்துப் புறப்படும் குடும்பம் போகலாமா வேண்டாமா என்பதை வீட்டிலேயே முடிவுசெய்ய முடியும்.