தொழுகைக்குச் சைக்கிள் பரிசு: 41ஆம் நாள் என்ன ஆகிறது?

40 நாள் விடாமல் ஃபஜ்ர் ஜமாஅத்துக்கு வரும் சிறுவர்களுக்குச் சைக்கிள் தரும் வழக்கம் துருக்கியில் பரவலாகப் பேசப்பட்டு, இந்தியாவிலும் சில பள்ளிவாசல்களுக்கு வந்தது. "தொழுகைக்குக் கூலியா?" என்று முகம் சுளிப்போர் உண்டு. சத்துணவு முட்டைக்காகப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளை படிக்கவும் செய்தது என்பது நாமக்கல்காரர்களுக்குத் தெரியாததா? பரிசு வாசல்வரை அழைத்து வரும். அதற்குப் பிறகுதான் கேள்வி.

ஒரு செயலை அடுத்து உடனே இனிய விளைவு கிடைத்தால், அது மீண்டும் நிகழும் வாய்ப்பு கூடும் என்பதை விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர். ஆனால் 1973இல் வெளியான இன்னோர் ஆய்வையும் பார்க்க வேண்டும். ஆர்வமாகப் படம் வரைந்த மழலையரில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். ஓரிரு வாரங்களில் அவர்களுடைய ஆர்வம் குறைந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்ற பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை. ஆக, கெடுப்பது பரிசு அல்ல, பேரம்.

ஆஷூரா நோன்பு பற்றி ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. பிள்ளைகளையும் நோன்பு வைக்கச் செய்வார்கள். பசித்து அழுதால் கம்பளியால் செய்த பொம்மையைக் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம்வரை கொண்டுசெல்வார்கள். அந்தப் பொம்மை கூலியல்ல, கைத்தாங்கல்.

வளர்ந்தவர்களுக்குப் பொம்மை வேண்டாம், ஒரு சொல் போதும். இளைஞரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) கண்ட கனவு நபி (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, 'இரவில் ஏன் தொழுவதில்லை' என்று அவர்கள் கண்டிக்கவில்லை. நல்ல மனிதர், இரவிலும் தொழுதால் எவ்வளவு சிறப்பு என்ற கருத்தில் பாராட்டினார்கள். அதன்பின் அவர் இரவில் குறைவாகவே உறங்கினார்.

நம் பகுதியில் லாரியிலும் ரிக் வண்டியிலும் போகும் அத்தாமார்கள் பல நாள் கழித்தே வீடு திரும்புகிறார்கள். வந்ததும் விடுபட்ட தொழுகைகளுக்குக் கணக்குக் கேட்டால், அத்தா வருகை என்றாலே பிள்ளைக்கு விசாரணைதான். அதைவிட வழியிலிருந்து போனில், "இன்னைக்கு அம்மா எழுப்பாமலே எழுந்தியாமே!" என்று கேட்கலாம். எதற்குப் பாராட்டு என்று பிள்ளைக்குத் தெரியும். அன்றே கிடைத்தும் விடுகிறது. தொடக்கத்தில் தினமும், பழகப் பழக எப்போதாவது. சைக்கிளும் வாங்கித் தரலாம், முன்கூட்டிச் சொல்லாமல்.