மார்ஸும் மினர்வாவும்: ஒரு கலைஞர் படையின் வரலாறு

போர்த்தொழிலும் கலைத்தொழிலும் தம்முள் முரணானவை என்பர். அவ்விரண்டையும் ஒரே இலச்சினையில் பொறித்துக்கொண்ட காலாட்படை ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. 'ஆர்ட்டிஸ்ட்ஸ் ரைஃபிள்ஸ்' என்னும் அப்படையின் இலச்சினையில், உரோமரின் போர்க்கடவுளாகிய மார்ஸும் கலைக்கும் அறிவுக்கும் உரிய மினர்வாவும் இணைந்து விளங்குகின்றனர்.

1859-இல், மூன்றாம் நெப்போலியன் படையெடுத்து வரக்கூடும் என்னும் அச்சம் இங்கிலாந்தெங்கும் பரவியது. ஊர்தோறும் தொண்டர் படைகள் எழுந்தன. ஓவிய மாணவர் எட்வர்டு ஸ்டெர்லிங்கின் முயற்சியால் ஓவியரும் சிற்பிகளும் இசைவாணரும் நடிகரும் இலண்டனில் ஒன்றுகூடினர். 1860-இல் படை முறையாக அமைந்தது. மில்லே, ஹோல்மன் ஹண்ட், வில்லியம் மோரிஸ் முதலியோர் அதில் இடம்பெற்றனர். பின்னாளில் அரச கலைக்கழகத்தின் தலைவரான ஓவியர் லெய்ட்டன் அதற்குத் தலைமை தாங்கினார். அஞ்சிய பகைவர் வரவில்லை. படை மட்டும் நிலைத்தது.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டபோது அதன் இயல்பு மாறியது. கற்றோர் மிகுந்த படையாதலின், பிற படைகளுக்கு அதிகாரிகளை உருவாக்கும் பயிற்சிக்களமாக அரசு அதனை ஆக்கிற்று. 10,000-க்கும் மேற்பட்ட அதிகாரிகள் அங்கிருந்து சென்றனர். இளநிலை அதிகாரிகளே முன்னணியில் நின்று வீரரை நடத்திச் சென்றமையால், அவர்களுள் மாண்டோர் பலர். அப்போரில் இறந்த 2,003 பேரின் நினைவுச்சின்னம் அரச கலைக்கழக வாயிலில் உள்ளது.

கவிஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய இருவர் அப்படையிற் பயின்றவர்கள். எட்வர்டு தாமஸ் நெடுங்காலம் உரைநடையே எழுதியவர். 1914 டிசம்பரில்தான் கவிதை எழுதத் தொடங்கினார். 1915 ஜூலையில் 37-ஆம் வயதில் படையிற் சேர்ந்தார். எசெக்ஸ் மாவட்டத்து ஹேர் ஹால் முகாமில் நிலப்படம் படிக்கக் கற்பித்தவாறே கவிதைகளும் எழுதினார். 1917 ஏப்ரல் 9 அன்று ஆராஸ் போர்க்களத்தில் மடிந்தார். அவருடைய கவிதை வாழ்வு இரண்டரை ஆண்டையும் எட்டவில்லை. 1915 அக்டோபரில் சேர்ந்த வில்ஃபிரட் ஓவனும் அதே முகாமில் பயின்றவர். போர் ஓய்வதற்கு ஏழு நாள் முன்பு, 1918 நவம்பர் 4 அன்று, 25-ஆம் வயதில் அவர் வீழ்ந்தார். களத்தில் இறந்தோர்க்கு இரங்கிப் பாடிய அவரே பிறர் பாடும் கையறுநிலைக்கு உரியவரானார்.

ஓவியர் ஜான் நாஷ் எஞ்சியவர். 1917 டிசம்பர் 30 அன்று, காம்பிரே அருகே அவருடன் பதுங்குகுழியை விட்டு ஏறிய 80 பேரில் 68 பேர் சில நிமிடங்களில் கொல்லப்பட்டோ காயமுற்றோ வீழ்ந்தனர். பனி படர்ந்த அக்காலைப் பொழுதை அவர் 1918-இல் ஓவியமாக்கினார். அதில் வெற்றியின் பெருமிதம் இல்லை. குனிந்த தலைகளே உள்ளன.

மார்ஸ் கேட்டதனைத்தையும் அப்படை கொடுத்தது. எனினும், அங்கு நிகழ்ந்தவற்றை உலகம் இன்று அறிவது போர் ஆணைகளால் அன்று. மினர்வாவின் மக்கள் விட்டுச்சென்ற பாட்டாலும் ஓவியத்தாலுமே.

1947-இல் அப்படை 'எஸ்.ஏ.எஸ்.' என்னும் சிறப்புப் படையின் 21-ஆம் சேமப்படைப் பிரிவாக மறுபிறப்புற்றது. இலண்டன் டியூக்ஸ் சாலையில் அதன் பழைய பயிற்சிக்கூடம் 1969 முதல் நடனக்கலையின் இல்லமாயிற்று. படைநடை பயின்ற கூடத்தில் இளைஞர் ஆடல் பயில்கின்றனர். வாயிலின் மேல் அவ்விரு முகங்களும் இன்றும் உள்ளன.