பத்தாயிரம் டாலர் கோடு: அமெரிக்காவில் ரொக்கம் சந்தேகத்துக்கு உள்ளான வரலாறு

அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ரொக்கமாகப் பணம் கொடுப்பவரிடம் யாரும் காரணம் கேட்டதில்லை. 500, 1,000, 5,000, 10,000 டாலர் மதிப்புள்ள நோட்டுகளே புழக்கத்தில் இருந்தன. நிலம் வாங்குபவரும் மாடு விற்பவரும் அவற்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போக முடிந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில்தான் முதல் மாற்றம் வந்தது. கள்ளச்சந்தைக்காரர்களும் வரி ஏய்ப்பவர்களும் பெரிய நோட்டுகளைப் பதுக்குவதாகக் கருதிய கருவூலத் துறை, வழக்கத்துக்கு மாறான ரொக்க வரவு செலவைத் தெரிவிக்குமாறு 1945-இல் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. எது வழக்கத்துக்கு மாறானது என்பதை அந்தந்த வங்கியே முடிவு செய்துகொண்டது. ஊரில் மதிப்புள்ள வாடிக்கையாளரைப் பற்றி எழுதி அனுப்ப எந்த மேலாளருக்கும் மனம் வரவில்லை. உத்தரவு பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது. அதே 1945-இல் பெரிய நோட்டுகள் அச்சிடப்படுவதும் நின்றது. 1969 ஜூலை 14 அன்று அவற்றின் வெளியீட்டை அரசு முறைப்படி நிறுத்தியபோது, 100 டாலர் நோட்டே மிகப் பெரியது என்றானது.

இன்றைய முறைக்கு அடித்தளம் 1970-இல் வந்த வங்கி இரகசியச் சட்டம். பணக்கார அமெரிக்கர்கள் சுவிட்சர்லாந்து வங்கிகளின் இரகசியக் கணக்குகளில் பணத்தை ஒளித்து வரி ஏய்க்கிறார்கள் என்பதுதான் அப்போது நாடாளுமன்றத்தின் கவலை. டெக்சாஸைச் சேர்ந்தவரும் பிரதிநிதிகள் சபையின் வங்கிக் குழுத் தலைவருமான ரைட் பேட்மன் இதற்காகப் பிடிவாதமாக உழைத்தார். அதிபர் நிக்சன் அக்டோபர் 26 அன்று கையெழுத்திட்டார். இந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி, 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் போடுபவர், எடுப்பவர் ஒவ்வொருவரைப் பற்றியும் வங்கி அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் தவறு செய்தார் என்ற ஐயமே தேவையில்லை. தொகை கோட்டைத் தாண்டினாலே போதும். அந்நாளில் 10,000 டாலர் ஒரு சாதாரணக் குடும்பத்தின் ஏறத்தாழ ஓர் ஆண்டு வருமானம். அதனால் இந்தக் கோடு எளிய மக்களைத் தொடவில்லை, எதிர்ப்பும் பெரிதாக எழவில்லை.

எதிர்த்தவர்கள் வங்கிகளும் குடிமை உரிமை அமைப்புகளும்தான். கலிபோர்னியா வங்கியாளர் சங்கம் தொடுத்த வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து மில்லர் வழக்கில் வந்த தீர்ப்பு இன்னும் ஆழமாகப் பாய்ந்தது. வங்கியிடம் ஒருவர் கொடுக்கும் விவரம் வங்கிக்கே சொந்தம். வாடிக்கையாளர் அதில் அந்தரங்க உரிமை கோர முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. வங்கி வழியாகப் போகும் பணம் அரசின் பார்வைக்குத் திறந்தது என்பது சட்டமாகிவிட்டது. அந்தப் பார்வைக்கு வெளியே எஞ்சியது கையில் இருக்கும் நோட்டு மட்டுமே. ரொக்கத்தின் மேல் பின்னாளில் விழுந்த சந்தேகத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

எழுபதுகளின் இறுதியில் கவலை வரியிலிருந்து போதைப்பொருளுக்கு மாறியது. கொலம்பியாவிலிருந்து வந்த கொக்கெயின் மயாமியில் ரொக்கமாக விற்றது. அட்டைப்பெட்டிகளிலும் பைகளிலும் நோட்டுக் கட்டுகள் வங்கிக் கவுன்டருக்கு வந்தன. 1980-இல் கருவூலத் துறையும் நீதித் துறையும் சேர்ந்து ஃபுளோரிடாவில் தனி நடவடிக்கை தொடங்கின. கடத்தல்காரர்கள் அறிக்கையைத் தவிர்க்க எளிய வழி கண்டார்கள்: கூலியாட்களை அனுப்பி, வங்கிக்கு வங்கி 9,000, 9,500 டாலராகப் பிரித்துப் போட்டார்கள். 1985-இல் பாங்க் ஆஃப் பாஸ்டன், 100 கோடி டாலருக்கும் மேலான ரொக்கப் பரிமாற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. அதன் பிறகு பிற வங்கிகளும் மளமளவென்று அறிக்கை அனுப்பத் தொடங்கின.

அடுத்த ஆண்டு வந்த பணச்சலவைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அறிக்கையைத் தவிர்ப்பதற்காகத் தொகையைப் பிரித்துப் போடுவதையே குற்றமாக்கியது. பணம் எங்கிருந்து வந்தது என்பது கேள்வியே இல்லை. உழைத்துச் சேர்த்த பணத்தை அப்படிப் போட்டாலும் குற்றம்தான். இது சரியா என்ற கேள்வி ஒரு சூதாட்டக் கடன் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நெவாடாவில் தோற்ற பணத்தைக் கட்ட, ஒருவர் பல வங்கிகளில் 10,000 டாலருக்குக் குறைவான காசோலைகளாக வாங்கியிருந்தார். பிரித்துப் போடுவது குற்றம் என்று தெரிந்தே செய்திருந்தால்தான் தண்டிக்கலாம் என்று 1994-இல் ராட்ஸ்லாஃப் வழக்கில் தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தப் பாதுகாப்பை நீக்கிவிட்டது. கடைகளும் தப்பவில்லை. கார், நகை, படகு விற்பவர் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் வாங்கினால் வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.-க்குப் படிவம் அனுப்ப வேண்டும் என்ற விதி 1984-லேயே வந்திருந்தது.

தொகையைப் பார்த்த சந்தேகம் நடத்தையைப் பார்ப்பதாக மாறியதற்கு 1989-இன் சோகோலோ தீர்ப்பு அடையாளம். ஹொனலுலுவிலிருந்து மயாமிக்குப் போய்த் திரும்ப இரண்டு டிக்கெட்டுகளை, 20 டாலர் நோட்டுக் கற்றையிலிருந்து 2,100 டாலர் எண்ணிக் கொடுத்து ஒரு பயணி வாங்கினார். பெட்டி எதையும் விமானத்தில் ஏற்றக் கொடுக்கவில்லை. போக வர இருபது மணி நேரம் பறக்க வேண்டிய பயணத்தில் மயாமியில் இரண்டு நாள்தான் தங்கினார். திரும்பி வந்தவரை அதிகாரிகள் நிறுத்தினார்கள். பையில் ஒரு கிலோவுக்கு மேல் கொக்கெயின் இருந்தது. தனித்தனியே குற்றமற்ற செயல்கள் சேர்ந்து நியாயமான சந்தேகம் ஆகலாம் என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள், இருவர் மறுத்தார்கள். இந்த வழக்கில் அதிகாரிகள் ஊகித்தது சரியாக இருந்தது. ஆனால் நோட்டு கொடுத்து டிக்கெட் வாங்குவது அன்றிலிருந்து சந்தேகக் குறிகளின் பட்டியலில் நிலையான இடம் பிடித்தது.

தொண்ணூறுகளில் இதற்கான அலுவலகங்கள் உருவாயின. நிதிக் குற்றங்களைக் கண்காணிக்கும் ஃபின்சென் 1990-இல் அமைந்தது. சந்தேகமான பரிவர்த்தனை பற்றி வங்கி அறிக்கை அனுப்ப வேண்டும், அதை வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது என்பது 1992 சட்டத்தின் வழியே வந்தது. ஜி-7 நாடுகள் 1989-இல் பாரிஸில் தொடங்கிய நிதி நடவடிக்கைப் பணிக்குழு இதே முறையை உலகெங்கும் கொண்டுபோனது. இந்தியாவில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனையை வங்கிகள் அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிப்பதும் இந்த வழியில் வந்ததுதான். அமெரிக்க மக்கள் ஒருமுறை இதைத் தடுத்தும் காட்டினார்கள். வாடிக்கையாளரின் வழக்கமான வரவு செலவு என்ன என்று வகுத்துக் கண்காணிக்குமாறு 1998 டிசம்பரில் ஒரு விதி முன்மொழியப்பட்டபோது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எதிர்த்து எழுதினார்கள். 1999 மார்ச்சில் அது கைவிடப்பட்டது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அந்த எதிர்ப்புக்கு இடமில்லாமல் போனது. வங்கி இரகசியச் சட்டம் கையெழுத்தான அதே அக்டோபர் 26 அன்று, 31 ஆண்டுகள் கழித்து, பேட்ரியட் சட்டம் கையெழுத்தானது. கணக்குத் தொடங்குபவரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது கட்டாயமானது. கடைக்காரர்களின் ரொக்கப் படிவம் ஃபின்சென்னுக்கும் போகத் தொடங்கியது. 10,000 டாலருக்கு மேல் அறிவிக்காமல் மறைத்து எல்லை தாண்டிக் கொண்டுபோவது தனிக் குற்றமானது.

தாக்குதலுக்குப் பணம் எப்படி வந்தது என்பதை விசாரணை ஆணையம் 2004-இல் வெளியிட்டது. மொத்தச் செலவு 4 முதல் 5 லட்சம் டாலர். அதில் சுமார் 3 லட்சம் டாலர் அமெரிக்க வங்கிக் கணக்குகள் வழியாகவே போயிருந்தது. விமானங்களைக் கடத்தியவர்கள் சொந்தப் பெயரில், சொந்தக் கடவுச்சீட்டைக் காட்டிக் கணக்குத் தொடங்கியிருந்தார்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து கம்பி வழிப் பரிமாற்றமாகப் பணம் வந்தது. அவர்களில் சிலர் விமான டிக்கெட்டுக்கு ரொக்கம் கொடுத்தது உண்மைதான். எனினும் சதிக்கான பணத்தின் பெரும்பகுதி வங்கியின் கண்ணெதிரே கைமாறியது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இலங்கைத் தமிழர் உண்டியல் என்று அறிந்த ஹவாலா முறை இந்தச் சதிக்குப் பயன்பட்டதாக ஆணையம் எந்தச் சான்றும் காணவில்லை. ஆனால் 2001 நவம்பர் 7 அன்றே, சோமாலியக் குடும்பங்களுக்குப் பணம் அனுப்பிவந்த அல்-பரகாத் நிறுவனத்தின் அலுவலகங்கள் மூடப்பட்டுச் சொத்துகள் முடக்கப்பட்டிருந்தன. வங்கியே இல்லாத நாட்டில், அமெரிக்காவில் டாக்ஸி ஓட்டிய மகன் அனுப்பும் பணத்தை நம்பியிருந்த தாய்மார்களுக்கு இது பேரிடி. பயங்கரவாதத்துக்கு நிதி கொடுத்தது என்ற குற்றச்சாட்டை நிறுவும் ஆதாரம் கிடைக்கவில்லை என்று ஆணையத்தின் ஆய்வே பின்னர் சொன்னது.

2009 கிறிஸ்துமஸ் நாளில் டெட்ராய்ட் விமானத்தைத் தகர்க்க முயன்ற நைஜீரிய இளைஞர், கானாவின் அக்ராவில் 2,831 டாலர் ரொக்கம் கொடுத்து டிக்கெட் வாங்கியிருந்தார். செய்திகளில் இந்த விவரமே முன்னால் நின்றது. அக்ராவில் டிக்கெட்டுக்கு ரொக்கம் கொடுப்பது அன்று அன்றாட நடைமுறை. உண்மையான எச்சரிக்கை வேறு இடத்தில் இருந்தது: மகனின் போக்கு குறித்து அவருடைய தந்தையே ஒரு மாதம் முன்பு அமெரிக்கத் தூதரகத்தில் முறையிட்டிருந்தார். அதன் மேல் போதிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை.

இதற்கு அடுத்து எஃப்.பி.ஐ. கடைகளுக்குக் கொடுத்த துண்டறிக்கைகள் வெளிச்சத்துக்கு வந்தன. இணைய மையம், தங்கும் விடுதி, ராணுவ மிச்சப்பொருள் கடை என்று ஒவ்வொரு தொழிலுக்கும் தனியாக, பயங்கரவாதத்தின் அறிகுறிகளாக இருக்கக்கூடியவை இவை என்று பட்டியலிட்டவை அவை. பல பட்டியல்களில் ரொக்கமாகப் பணம் கொடுப்பதும் இருந்தது. ஒரு குறி மட்டும் இருந்தால் குற்றமாகாது என்ற எச்சரிக்கையும் அவற்றில் உண்டு. அப்படியானாலும் கடைக்காரரின் கண் வாடிக்கையாளரின் கையிலிருக்கும் நோட்டின் மேல் திருப்பப்பட்டது. காப்பிக்கு நோட்டு நீட்டுபவரைக் குறித்து வைக்கச் சொல்வது கண்காணிப்பின் எல்லையை மீறிய செயல். கோடிக்கணக்கானவர்கள் தினமும் செய்வதைக் குறியாக வைத்தால், தேடப்படுபவர் கூட்டத்துக்குள் இன்னும் நன்றாக மறைந்துவிடுவார்.

சந்தேகத்தின் கொடிய பக்கம் நெடுஞ்சாலையில் தெரிந்தது. பறிமுதல் செய்த பணத்தில் 80 விழுக்காடு வரை உள்ளூர்க் காவல் துறைக்குத் திரும்பக் கிடைக்கும் ஏற்பாடு 1984-இல் உருவானது. வழக்கு ஆள்மீது அல்ல, பணத்தின் மீதே தொடுக்கப்படும். அதனால் உரிமையாளரைக் குற்றவாளி என்று நிரூபிக்கத் தேவையில்லை. 2003-இல் நெப்ராஸ்கா நெடுஞ்சாலையில் நிறுத்தப்பட்ட ஒரு வாடகைக் காரில் 1,24,700 டாலர் ரொக்கம் இருந்தது. குளிர்சாதன லாரி வாங்க நண்பர்களிடம் திரட்டிய பணம் என்றார் ஓட்டியவர். போதைப்பொருள் எதுவும் கிடைக்கவில்லை. மோப்ப நாயின் சைகைதான் ஆதாரம். கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பணம் அரசுக்கே என்றது. அவ்வளவு ரொக்கத்தை எடுத்துப்போனதே போதைப்பொருள் தொடர்புக்கு வலுவான சான்று என்பது அதன் வாதம். செப்டம்பர் 11-க்குப் பிறகு சோதனை வாரண்டோ குற்றச்சாட்டோ இல்லாமல் இந்த ஏற்பாட்டின் கீழ் 61,998 ரொக்கப் பறிமுதல்கள் நடந்தன, மதிப்பு 250 கோடி டாலருக்கும் மேல் என்று வாஷிங்டன் போஸ்ட் 2014-இல் கணக்கிட்டது. பறிகொடுத்தவருக்கு அரசு செலவில் வக்கீல் கிடையாது. சிறு தொகையை மீட்க வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் அந்தத் தொகையையே விழுங்கிவிடும் என்பதால் பலர் போராடாமலே விட்டார்கள்.

அதே ஆண்டு அயோவாவின் ஓர் உணவகக்காரரின் கதை நாடெங்கும் பேசப்பட்டது. கடன் அட்டை வாங்காத கடை அது. நாள் வசூலை 10,000 டாலருக்குக் குறைவான தொகைகளாக வங்கியில் போட்டு வந்தார். பிரித்துப் போட்டார் என்று ஐ.ஆர்.எஸ். அவர் கணக்கிலிருந்த சுமார் 33,000 டாலரை எடுத்துக்கொண்டது. குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை. எதிர்ப்பு வலுத்ததும், சட்டபூர்வமாக ஈட்டிய பணத்தைப் பிரித்துப் போட்டதற்காக மட்டும் இனிப் பறிமுதல் இல்லை என்று ஐ.ஆர்.எஸ். அறிவித்தது. 2017-இல் துறையின் தணிக்கைப் பிரிவு எடுத்து ஆராய்ந்த வழக்குகளில் பத்தில் ஒன்பது சட்டபூர்வமான பணத்தைப் பற்றியவை என்று தெரிந்தது. 2019-இல் அந்தக் கட்டுப்பாடு சட்டமாக நிறைவேறியது. சந்தேகத்தின் நெடிய வரலாற்றில் குடிமக்கள் பக்கம் கிடைத்த வெகு சில வெற்றிகளில் இது ஒன்று.

ரொக்கத்தையே நம்பியிருப்பவர்கள் யார் என்பது இந்தச் சட்டங்களில் இடம்பெறவே இல்லை. 2017-இல் அமெரிக்காவில் 84 லட்சம் வீடுகளுக்கு வங்கிக் கணக்கே கிடையாது. அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். கறுப்பின, ஹிஸ்பானிய வீடுகளின் பங்கு மிக அதிகம். அட்டை மட்டும் வாங்கும் கடைகள் பெருகியபோது இவர்களுக்குச் சாப்பாட்டுக் கடைகூட மூடிய கதவானது. டாலர் செல்லுபடியாகும் பணம் என்று நோட்டில் அச்சிட்டிருந்தாலும், அதை வாங்கியே தீர வேண்டும் என்று தனியார் கடையைக் கட்டாயப்படுத்தும் மத்தியச் சட்டம் கிடையாது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1978-லேயே அந்தக் கட்டாயத்தைக் கொண்டுவந்தது. நியூ ஜெர்சியும் ஃபிலடெல்ஃபியாவும் சான் பிரான்சிஸ்கோவும் 2019-இல் அதைப் பின்பற்றின. நியூயார்க் நகர மன்றம் 2020 ஜனவரியில் சட்டம் இயற்றியது.

1970-இன் 10,000 டாலர் கோடு பணவீக்கத்துக்கு ஏற்ப ஒருமுறையும் உயர்த்தப்படவில்லை. உயர்த்தியிருந்தால் இன்று அது 75,000 டாலருக்கும் மேல் இருக்கும். அதனால் வசதியுள்ளோரை மட்டும் தொட்ட சட்டம், பழைய கார் வாங்குபவரையும் சிறு கடைக்காரரையும் தொடுகிறது. வங்கிகள் ஆண்டுக்கு இரண்டு கோடி அளவில் ரொக்க அறிக்கை அனுப்புகின்றன. 2025 மார்ச்சில் ஃபின்சென் தென்மேற்கு எல்லையையொட்டி, கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் 30 அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில் உள்ள பணமாற்று நிலையங்களுக்கு அறிக்கை வரம்பை 200 டாலராகக் குறைத்தது. கடத்தல் கும்பல்களைப் பிடிக்க என்பது சொல்லப்பட்ட காரணம். நடைமுறையில் அந்தப் பகுதிகளில் வாரக் கூலியை மாற்ற வந்தவர்களின் பெயரும் முகவரியும்கூட அரசின் பதிவேட்டுக்குப் போகும் நிலை வந்தது. சிறு பணமாற்று நிலையங்கள் நீதிமன்றம் சென்று, தங்கள்வரையில் தடையாணைகள் பெற்றன. அதே ஆண்டு செப்டம்பரில் உத்தரவைப் புதுப்பித்தபோது ஃபின்சென் வரம்பை 1,000 டாலராக உயர்த்தியது.