நுரையீரல் அல்ட்ராசவுண்ட்: வைரஸ் நிமோனியாவைக் கட்டிலருகே கண்டறிதல்

மூச்சுத் திணறலோடு வரும் நோயாளியின் நெஞ்சில் ஸ்கேன் கருவியின் புரோபை வைத்து, அவர் படுத்திருக்கும் இடத்திலேயே நுரையீரலின் நிலையை அறியும் முறை நுரையீரல் அல்ட்ராசவுண்ட் எனப்படுகிறது. வயிற்றையும் கர்ப்பத்தையும் பார்க்கும் அதே கருவிதான் இதற்கும் போதும். கதிர்வீச்சு இல்லாததால் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்.

காற்று நிறைந்த உறுப்புக்குள் ஒலியலை ஊடுருவாது என்பதால் நுரையீரலுக்கு ஸ்கேன் உதவாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பிரெஞ்சு தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிஷ்டென்ஸ்டைன் இதை மாற்றினார். நுரையீரலின் பரப்பில் ஒலி எதிரொலித்துத் திரையில் உண்டாக்கும் பொய்க்கோடுகளே நோயைக் காட்டிக்கொடுக்கும் என்று அவர் நிறுவினார். 2008இல் அவர் வெளியிட்ட ‘புளூ’ நெறிமுறை, கடும் மூச்சுத் திணறலோடு வந்த 260 பேரில் 90.5 சதவீதத்தினருக்குக் காரணத்தைச் சரியாகச் சொன்னது.

விலா எலும்புகளுக்கு நடுவே புரோபை வைத்ததும் இரு பக்கமும் எலும்பின் கறுப்பு நிழல் விழும். அவற்றுக்கிடையே வெள்ளையாக ஒரு கோடு தெரியும். அதுதான் நுரையீரல் உறை. ஒவ்வொரு மூச்சுக்கும் அது வழுக்கி அசையும். நலமான நுரையீரலில் அதற்குக் கீழே சம இடைவெளியில் படுக்கைக் கோடுகள் தெரியும். இவை ஏ கோடுகள். நுரையீரல் திசுவில் நீர் கோத்துக்கொண்டால் ஏ கோடுகள் அழிந்துபோய், உறையிலிருந்து டார்ச் ஒளிபோலத் திரையின் அடிவரை செங்குத்தாக வெண்கோடுகள் இறங்கும். இவை பி கோடுகள். ஒரு விலா இடைவெளியில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் அது நோய்க்குறி.

வைரஸ் நிமோனியாவில் பி கோடுகள் பெரும்பாலும் இரு நுரையீரலிலும் திட்டுத்திட்டாக வரும்; பாதித்த இடத்துக்குப் பக்கத்திலேயே பாதிக்கப்படாத இடமும் இருக்கும். உறை தடித்து, கரடுமுரடாகி, அதன் அடியில் சிறு கறுப்புத் திட்டுகள் தென்படும். பாக்டீரியா நிமோனியாவில் ஒரு பகுதி மொத்தமாகக் கெட்டிப்பட்டு ஈரல்போலத் தெரிவதே வழக்கம். உறையில் நீரும் சேரலாம். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருந்தால் பி கோடுகள் இருபுறமும் ஒரே சீராக இருக்கும். உறை வழவழப்பாகவே இருக்கும். சிகிச்சை வெவ்வேறு என்பதால் இந்த வேறுபாடு முக்கியமானது. 2009 பன்றிக் காய்ச்சலின்போது இந்த அடையாளங்கள் சோதித்துப் பார்க்கப்பட்டன. 2020இல் கொரோனா பரவியபோது, கவச உடையோடு ஸ்டெதாஸ்கோப் வைக்க முடியாத மருத்துவர்களுக்கு இந்த முறை பெரிதும் கைகொடுத்தது.

இதன் அருமை மலைப்பகுதிகளில்தான் நன்றாகப் புரியும். தருமபுரி மாவட்டம் அரூரை ஒட்டிய சித்தேரி மலையில் மலையாளி பழங்குடியினர் வாழ்கிறார்கள். நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவந்த குக்கிராமங்கள் அங்கு உண்டு. மலையிறங்கி அரூர் அரசு மருத்துவமனை. அதற்கும் மேல் வேண்டுமென்றால் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி. மூச்சு இரைக்கும் குழந்தையைத் தருமபுரிக்கு அனுப்புவதா, இங்கேயே ஆக்ஸிஜன் வைத்துப் பார்ப்பதா என்ற முடிவை, சி.டி. இல்லாத இடத்தில் ஒரு மருத்துவர் எடுத்தாக வேண்டும். குழந்தைகளின் நெஞ்சுச் சுவர் மெலிது. படம் தெளிவாகவே கிடைக்கும்.

ஆனால் இந்தியாவில் ஸ்கேன் கருவியை நினைத்த இடத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. கருவின் பாலினத்தை அறிவதைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லாக் கருவிகளும் பதிவு செய்யப்பட வேண்டும். கையடக்கக் கருவிகளுக்கு 2012இல் மேலும் கட்டுப்பாடு வந்தது: பதிவான வளாகத்தின் உள்நோயாளிகளுக்கோ, பிற மருத்துவச் சேவைகளும் தரும் நடமாடும் மருத்துவப் பிரிவிலோதான் பயன்படுத்தலாம். தருமபுரியில் இந்தக் கண்டிப்பைக் குறைசொல்ல முடியாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் இந்த மாவட்டத்துக்கும் விரிவானது. சட்டத்தைத் தளர்த்தாமலே, நடமாடும் மருத்துவப் பிரிவு என்ற அந்த வழியைப் பயன்படுத்த முடியும்.

குறைகளும் உண்டு. நுரையீரலின் ஆழத்தில் இருந்து பரப்பைத் தொடாத புண் இதில் தெரியாது. பருமனானவர்களிடம் படம் மங்கும். நுரையீரல் தழும்பிலும் பி கோடுகள் வரும். எந்த வைரஸ் என்பதை ஸ்கேன் சொல்லாது, அதற்கு ஆர்.டி.பி.சி.ஆர். சோதனைதான். பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தே விடை அமையும். எனவே கருவி வாங்கித் தருவதோடு நிறுத்தாமல், அரூர் போன்ற மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவர்களுக்கு அரசு முறையான பயிற்சியும் அளிக்க வேண்டும்.