டிராகுலா செத்தானா?

சுமார் 400 பக்கத்துக்கு நம்மை நடுங்க வைத்துவிட்டு, கடைசியில் வில்லனை நாலே வரியில் தீர்த்துக்கட்டினால் கோபம் வருமா, வராதா? ‘டிராகுலா’ நாவலைப் படித்து முடிக்கிற பலருக்கும் வரும் கோபம் இது. 1897 மே மாதம் லண்டனில் வெளியான புத்தகம். இன்றைக்கும் விற்கிறது. க்ளைமாக்ஸ் பற்றிய சண்டையும் ஓயவில்லை!

எழுதியவர் பிராம் ஸ்டோக்கர். அயர்லாந்துக்காரர். லண்டன் லைசியம் தியேட்டரில், ஹென்றி இர்விங் என்ற பிரபல நடிகரிடம் மானேஜர் உத்தியோகம். கணக்கு வழக்கு, கடிதம் என்று நாளெல்லாம் மாரடித்துவிட்டு, கிடைத்த நேரத்தில் கதை எழுதினார். ‘டிராகுலா’வுக்குக் குறிப்பு எடுக்க ஆரம்பித்தது 1890-ல். ஏழு வருட உழைப்பு!

அப்படி என்னதான் முடிவு? லண்டனிலிருந்து டிரான்சில்வேனியாவில் உள்ள தன் கோட்டைக்குத் தப்பிப் போகிறான் டிராகுலா. மண் நிரப்பிய பெட்டிக்குள் அவன் படுத்திருக்க, ஜிப்ஸிகள் வண்டியில் வைத்துக்கொண்டு பறக்கிறார்கள். இருட்டிவிட்டால் அவனை யாராலும் பிடிக்க முடியாது. ஜொனாதன் ஹார்க்கரும் நண்பர்களும் துரத்தி வந்து மூடியைப் பெயர்க்கிறார்கள். ஜொனாதனின் குக்ரி (ஆமாம், கூர்க்காக்கள் வைத்திருப்பார்களே, அதே கத்திதான்!) கழுத்தை அறுக்கிறது. அமெரிக்க நண்பன் குயின்ஸி மாரிஸின் கத்தி நெஞ்சில் இறங்குகிறது. டிராகுலா தூளாகி மறைந்துபோகிறான். பாவம், ஒரு வசனம்கூடக் கிடையாது.

இங்கேதான் வாசகர்கள் ஸ்டோக்கரின் சட்டையைப் பிடிக்கிறார்கள். ரத்தக்காட்டேரியை ஒழிக்க நெஞ்சில் மர முளை அடிக்கணும், தலையை வெட்டணும் என்று நாவலில் புரொபசர் வான் ஹெல்சிங் பாடமே எடுக்கிறார். காட்டேரியாகிவிட்ட லூசி என்ற பெண்ணுக்கு அப்படியே செய்கிறார்கள். தலைவனுக்கு மட்டும் வெறும் கத்தியா? இன்னொரு விஷயம். டிராகுலாவால் தூசாக மாற முடியும், சூரியன் மறைகிற கணத்தில் உருமாற முடியும் என்பதும் அதே புரொபசர் சொன்னதுதான். கத்தி இறங்கியதோ அஸ்தமன நேரம். ‘அப்படின்னா சாகலை, தப்பிச்சுட்டான்!’ என்கிறது ஒரு கட்சி.

எதிர்க்கட்சியிடமும் பாயின்ட் இருக்கிறது. ஜொனாதனின் மனைவி மீனா, டிராகுலாவிடம் கடிபட்டவள். அவள் நெற்றியில் இருந்த தீத்தழும்பு, அவன் தூளானதும் மறைந்துவிடுகிறது. சாபம் தீர்ந்தது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

1980-களில் சண்டை இன்னும் சூடுபிடித்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நாவலின் டைப் அடித்த மூலப்பிரதி கிடைத்தது. அதில் இன்னொரு க்ளைமாக்ஸ்! டிராகுலா ஒழிந்ததும் பூமி அதிர்ந்து, எரிமலை வெடித்ததுபோல் கோட்டையும் குன்றும் சிதறிப் போகின்றன. அந்தப் பகுதி அடிக்கப்பட்டிருந்தது. அச்சான புத்தகத்திலோ, ஏழு வருஷம் கழித்தும் கோட்டை ஜம்மென்று நிற்கிறது!

ஏன் அடித்தார்? இரண்டாம் பாகத்துக்கு இடம் விட்டார் என்கிறார்கள் சிலர். வீடு இடிந்து விழுவதோடு எட்கர் ஆலன் போ 1839-லேயே ஒரு கதையை முடித்திருந்தாரே, காப்பி என்பார்களோ என்ற பயம் என்பது வேறு சிலரின் யூகம். கேட்டுவிடலாம் என்றால், ஸ்டோக்கர் 1912-லேயே காலமாகிவிட்டார்.

சினிமாக்காரர்கள் அதற்கெல்லாம் காத்திருப்பார்களா? 1922-ல் ஜெர்மனியில் ‘நாஸ்ஃபராட்டு’ வந்தது. அனுமதி வாங்காமல் கதையை உருவி, பெயர்களை மாற்றி எடுத்த படம். முடிவையும் மாற்றினார்கள். விடியற்காலை வெளிச்சத்தில் காட்டேரி புகையாய்க் கரைகிறது. (நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் வீதியில் நடக்கிறான்!) ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் கோர்ட்டுக்குப் போனார். பிரதிகள் அத்தனையையும் அழிக்கச் சொல்லி 1925-ல் உத்தரவு. சில தப்பிவிட்டன. விளைவு? வெயில் பட்டால் டிராகுலா காலி என்று இன்றைக்குக் குழந்தைகூடச் சொல்லும். கோர்ட் அழிக்கச் சொன்ன முடிவு ஜெயித்துவிட்டது!

சரி, ஸ்டோக்கரின் முடிவு அவ்வளவு மோசமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொல்லக் கிளம்புபவர்களிடம் முன்பே மீனா, அவனுக்காகவும் கொஞ்சம் இரக்கப்படுங்கள் என்று கேட்கிறாள். அவன் கடித்த அதே மீனா! கடைசிக் காட்சியை எழுதுகிறவளும் அவள்தான். தூளாகும் நொடியில் டிராகுலாவின் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்ததாகக் குறித்து வைக்கிறாள். நூற்றாண்டுகளாகச் சாக முடியாமல் அலைந்தவனுக்குக் கிடைத்த தூக்கம்.

எரிமலை வெடித்திருந்தால், அந்த முகம் யார் நினைவிலும் தங்கியிருக்காது.