வலியறிதல்: நோவை அளந்த வரலாறும் லுணுகலைத் தோட்டங்களும்

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது லுணுகலை. அதனைச் சூழ்ந்த மலைகளிலே பறிக்கப்படும் தேயிலைக் கொழுந்து நாள்தோறும் நிறுக்கப்படுகின்றது. முன்னர் இறாத்தலிலும் பின்னர் கிலோவிலும் அதற்குக் கணக்கெழுதப்பட்டது. பறித்தவளின் கையும் முழங்காலும் எவ்வளவு நொந்தன என்பதற்கோ தராசு எதுவும் இருந்ததில்லை. மலைச்சரிவில் வழுக்கி விழுந்து காலென்பு முறிந்த ஒருவர், சத்திரசிகிச்சை முடிந்து கட்டிலிற் கிடக்கும்போது, அவரது நோவை யார், எதனைக் கொண்டு அளப்பது? இவ்வினாவின் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1846 ஒக்டோபரில் பொஸ்ரன் நகரிலே ஈதர் மயக்கத்தில் சத்திரசிகிச்சை செய்து காட்டப்பட்டதுடன், கத்தி படும் வேளையின் நோவு வெல்லப்பட்டது. மயக்கம் தெளிந்தபின் எழும் நோவோ எஞ்சி நின்றது. அதனை அளக்கும் எண்ணம் எவருக்கும் தோன்றாத அக்காலத்திலேதான் இலங்கையின் தோட்ட மருத்துவமும் உருப்பெற்றது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பெருந்தொகையினராக மடிந்தமை 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டத்திற்கு வழிகோலியது. தோட்டப் பிரதேசங்கள் மருத்துவ மாவட்டங்களாக வகுக்கப்பட்டன. வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் எழுந்தன. எனினும், உழைப்பைக் காப்பதே இவ்வேற்பாட்டின் முதன்மை நோக்கமாயிருந்தது. விடியற்காலைப் பிரட்டுக்களத்திலே நோவுக்கு இரண்டே படிகள் இருந்தன எனலாம்: வேலைக்குப் போகக்கூடியது, போகமுடியாதது. அதனைத் தீர்மானித்தவர் நோவுற்றவர் அல்லர்.

மேனாட்டாரும் நெடுங்காலம் நோவுற்றவரின் வாய்மொழியை நம்பினாரில்லை, கருவியையே நாடினர். 1940இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹார்டி, வுல்ப், கூடெல் ஆகியோர் கருமை பூசிய நெற்றியில் வெப்பக்கதிரைக் குவித்து நோவை அளக்கும் பொறியொன்றை வெளிப்படுத்தினர். அதற்கு ‘டொல்’ என்னும் அலகையும் வகுத்தனர். ஆயின், ஆய்வுகூடத்திலே சுடப்பட்ட நெற்றியின் நோவு வேறு. அறுபட்ட உடம்பின் நோவு வேறு. 1944இல் இத்தாலியப் போர்முனையிற் பணியாற்றிய மயக்கமருந்து வல்லுநர் ஹென்றி பீச்சர், கடுங்காயமுற்ற வீரருள் ஏறத்தாழ முக்காற்பங்கினர் நோவாற்றும் மருந்தை வேண்டவில்லை எனக் கண்டு, 1946இல் அதனை எழுதினார். காயத்தின் பருமனைக் கொண்டு நோவின் பருமனை அறியவியலாது என்பது இதனாற் புலனாயிற்று. எனவே நோவுற்றவரிடமே கேட்டல் வேண்டும் என்ற நிலை பிறந்தது.

1948இல் இங்கிலாந்தின் கீல் என்னும் மருத்துவர் நோவுக்கான பதிவட்டையொன்றை வெளியிட்டார். இல்லை, சிறிது, நடுத்தரம், கடுமை, பெருவேதனை என்றவாறு நோயாளி கூறும் சொல்லே அதில் அளவையாயிற்று. அதே 1948இலேதான் இலங்கையிற் குடியுரிமைச் சட்டம் நிறைவேறி, மலையகத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். ஓரிடத்தில் நோயாளியின் சொல் ஏட்டிலேறிய ஆண்டில், ஈண்டு ஒரு மக்கட்கூட்டத்தின் சொல் செல்லாததாக்கப்பட்டது.

1974இல் ஹஸ்கிசன் 10 சென்ரிமீற்றர்க் கோட்டினால் நோவை அளக்கும் முறையை விளக்கினார். கோட்டின் ஒரு முனை நோவின்மை. மறுமுனை தாங்கொணா நோவு. 1975இல் கனடாவின் மெல்சாக் 78 சொற்களை 20 தொகுதிகளாக்கி, நோவின் அளவோடு அதன் தன்மையையும் வினவினார். இங்கேதான் மொழி முக்கியத்துவம் பெறுகின்றது. குத்து, குடைச்சல், உளைவு, கடுப்பு, எரிவு என நம்மிடமும் சொல்வளமுண்டு. ஆயின் யாழ்ப்பாணத்தவர் ‘நோகுது’ என்பதை லுணுகலையார் ‘வலிக்குதுங்க’ என்பர்; சிங்களத் தாதியோ ‘ரிதெனவாத?’ என வினவுவார். எழுத்தறிவு குறைந்தோர்க்குக் கோட்டைக் காட்டிலும் சொல்லளவையே எளிதாக அமைவதும் அறியப்பட்ட உண்மையாகும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. என்புச் சத்திரசிகிச்சையின் பின் நோவை இருமுறை கேட்டல் வேண்டும்: அசையாதிருக்கும்போது ஒருமுறை, அசையும்போது ஒருமுறை. படுத்திருக்கையில் 3 என்பவர் ஓரடி எடுத்து வைக்கையில் 8 எனலாம். அந்நோவு தணியாவிடின் அவர் நடவார், மூட்டு இறுகும், காலிற் குருதி உறையவுங்கூடும். இதனினும் கொடியது ஒன்றுண்டு. முறிந்த காலிலோ முன்கையிலோ தசையைப் பொதிந்த உறைக்குள் அமுக்கம் பெருகிக் குருதியோட்டம் தடைப்படலாம். 1881இல் ஜெர்மானியரான வொல்க்மன், இறுகிய கட்டின் பின் கை முடங்கிப்போவதை விவரித்தார். இவ்வாபத்தின் முதல் அறிகுறி, முறிவுக்குரிய அளவை விஞ்சி வளரும் நோவேயாகும். விரலை நீட்டினால் அது மிகும். சில மணி நேரத்துள் உறையைக் கீறித் திறவாவிடின் தசை மடியும். “பரவாயில்லைங்க ஐயா” என்று பணிந்து கூறப் பழகிய ஒருவர் பதுளை வைத்தியசாலைக் கட்டிலிலே மௌனமாயிருப்பின், அம்மௌனத்தின் விலை ஒரு காலாக இருக்கலாம்.

எண் மட்டும் போதுமா எனின், போதாது. 1990களில் அமெரிக்காவில் நோவானது நாடி, மூச்சு, வெப்பம், குருதியமுக்கம் என்பவற்றோடு ஐந்தாம் உயிர்க்குறியாகப் போற்றப்பட்டது. எண்ணைத் தாழ்த்துவதே குறிக்கோளானதும் அபினிவழி மருந்துகள் மிகையாக வழங்கக் காரணங்களுள் ஒன்றெனக் குறைகூறப்பட்டு, 2016இல் அந்நாட்டு மருத்துவச் சங்கம் அக்கொள்கைக்கான ஆதரவைக் கைவிட்டது. 2020இல் நோவின் வரைவிலக்கணத்தைத் திருத்திய அனைத்துலக நோவு ஆய்வுச் சங்கம், ஒருவர் தம் நோவைப் பற்றிக் கூறுவது மதிக்கப்படல் வேண்டும் எனவும், கூறவியலாமை நோவின்மையாகாது எனவும் தெளிவுறுத்தியது.

திருக்குறளில் ‘வலியறிதல்’ என்றோர் அதிகாரமுண்டு. அங்கு வலி என்பது வலிமை. அதனை அறிதல் அரசனுக்குரிய கடமை. இன்று அச்சொல் நோவையும் குறிக்கின்றது. இவ்வலியை அறிதல் மருத்துவனின் கடமை. அதற்கு வேண்டிய கருவி நோயாளியின் மொழியிலே கேட்கப்படும் ஒரு வினாவும், அதற்கு வரும் விடையை நம்பும் மனமுமேயாம். நூறாண்டுகளுக்கு மேலாகக் கொழுந்தை நிறுத்த மலைகளிலே அவ்வினா இனியேனும் தவறாது கேட்கப்படல் வேண்டும்.